எரர் மெசேஜ் கண்ணுல படணும்: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுக்கும் ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு பில்லும் ஸ்டாக்கும் பாக்குற சின்ன புரோகிராம் எழுதிக் குடுக்குறீங்கன்னு வச்சுக்குவோம். கவுண்டர்ல விண்டோஸ் பிசி, முதலாளி வீட்ல கணக்குப் பாக்குறது மேக்புக், பின்னாடி ஸ்டோர்ல லேபிள் அடிக்க ஒரு ராஸ்பெர்ரி பை, அதுல லினக்ஸ். மூணுலயும் ஒரே பைத்தான் கோட். உங்க லேப்டாப்ல டெர்மினல் திறந்து ஓட்டுறப்போ எந்த எரர் வந்தாலும் லைன் நம்பரோட வந்து விழும், ஒரு கவலையும் இல்ல. கடையில என்ன நடக்கும்னா, ஐகானை டபுள் கிளிக் பண்ணுவாங்க, ஒண்ணும் வராது, மறுபடி பண்ணுவாங்க, மறுபடி ஒண்ணும் வராது, அப்புறம் "தம்பி, உங்க புரோகிராம் திறக்கவே மாட்டேங்குதுப்பா"ன்னு வாட்ஸ்அப் வரும். என்ன எரர்னு கேட்டா, "எரர்லாம் ஒண்ணும் வரல"ன்னு பதில் வரும். அவங்க சொல்றது உண்மைதான்.

ஏன்னா டபுள் கிளிக்ல திறக்குற புரோகிராமுக்கு டெர்மினலே கிடையாது. விண்டோஸ்ல ஜன்னல் புரோகிராமா கட்டின எக்ஸிக்கு கன்சோல் ஒட்டாது, பைத்தான்டபிள்யூ (கன்சோல் இல்லாம பைத்தானை ஓட்டுறது) வச்சு ஓட்டினா எஸ்டிடிஎரர் (எரர் மெசேஜ் வெளிய போற வழி) சும்மா காலியாத்தான் இருக்கும், நீங்க பிரிண்ட் போட்டா அது எரர்கூட குடுக்காம கமுக்கமா முழுங்கிடும். மேக்ல ஃபைண்டர்ல இருந்து திறந்தா அதே கதை. லினக்ஸ்ல சிஸ்டம்டி வச்ச டெஸ்க்டாப்னா ஜர்னல்ங்கற சிஸ்டம் லாக்ல போய் விழலாம், ஆனா கவுண்டர்ல நிக்கிற அக்கா ஜர்னல்சிடிஎல் அடிச்சுப் பாப்பாங்களா?

ஸோ வேலை ரெண்டு. எரர் வந்தா அது மனுஷன் கண்ணுல படணும், பட்டதும் அவங்களுக்கு அடுத்து என்ன பண்றதுன்னு தெரியணும். எரர் பாக்ஸ், அதாவது மெசேஜோட மேல வந்து நிக்கிற குட்டி ஜன்னல், அதைப் போடுற கோட் மூணு வரிதான், அத எங்க வேணா காப்பி அடிச்சுக்கலாம். சரியான ஜன்னலுக்கு மேல, சரியான த்ரெட்ல (புரோகிராமுக்குள்ள தனியா ஓடுற வேலை வரிசை) இருந்து, ஜன்னலே இன்னும் திறக்காத நேரத்துலயும் வர வைக்கிறதுதான் கஷ்டம். அதனால மொதல்ல புரோகிராம்ல ஒரே ஒரு ஃபங்ஷன் வைங்க, பேரு பிழைகாட்டுன்னு வச்சுக்கலாம், எல்லா எரரும் அது வழியாத்தான் வெளிய போகணும். அங்கங்க நேரா பாக்ஸ் போடக் கூடாது. கீழ இருக்குற ஸ்டெப் எல்லாமே அந்த ஒரு ஃபங்ஷனுக்குள்ள என்ன போடுறதுங்கறது பத்திதான்.

ஸ்டெப் 1: எதுக்கு பாக்ஸ், எதுக்கு வேணாம்

என்னைக் கேட்டா பாதி எரருக்கு பாக்ஸே தேவையில்ல. சப்ளையரோட ஜிஎஸ்டி நம்பர்ல ஒரு எழுத்து குறைஞ்சா அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துலயே சிவப்புல ஒரு வரி காட்டுங்க போதும், பாக்ஸ் போட்டா ஓகே அமுக்கினதும் மறைஞ்சிடும், எந்தக் கட்டம்னே மறந்துடும். சிவப்பு மட்டும் வச்சா நிறம் பிரிச்சுப் பாக்க முடியாதவங்களுக்குத் தெரியாது, அதனால எழுத்தும் வேணும். லேபிள் பிரிண்டர்ல பேப்பர் தீந்துபோச்சு, நெட் கொஞ்சம் அடிவாங்குது, தானா திரும்ப ட்ரை பண்ணுது, இதெல்லாம் ஜன்னலோட அடியில ஸ்டேட்டஸ் பட்டையில காட்டலாம்.

பாக்ஸ் எப்போன்னா, அவங்க கேட்ட வேலை நடக்கல, அத அவங்க தெரிஞ்சுக்காம மேல போகக் கூடாதுங்கறப்போ. சேவ் ஆகல, பில் போகல, இந்த மாதிரி. கடைசி வகை ஒண்ணு இருக்கு, அதான் ரொம்ப முக்கியம், அதத்தான் நிறையப் பேர் விட்டுடுறாங்க: புரோகிராமே திறக்க முடியாத எரர். கான்ஃபிக் ஃபைல் காணோம், டேட்டாபேஸ் திறக்கல, டூல்கிட் லைப்ரரியே (ஜன்னல், பட்டன் வரையுற க்யூடி, டிகே, ஜிடிகே மாதிரி) லோட் ஆகல. அப்போ உங்க அழகான ஜன்னல் எதுவும் உயிரோட இருக்காது. அதுக்கு ஓஎஸ்ஸே நேரா குடுக்குற சாதா பாக்ஸ் வேணும், அது ஸ்டெப் 3ல இருந்து வருது.

ஸ்டெப் 2: கோடுக்கு முன்னாடி வாசகம்

மெசேஜ்ல மூணு விஷயம் இருக்கணும்: என்ன நடக்கல, ஏன் நடக்கல, இப்ப என்ன பண்ணணும். "எர்னோ 13, பெர்மிஷன் டினைட்"னு காட்டினா அக்காவுக்கு ஒண்ணும் புரியாது. "ஸ்டாக் ஃபைலை சேவ் பண்ண முடியல. அது எக்செல்ல திறந்திருக்கு. எக்செல்ல மூடிட்டு மறுபடி சேவ் அமுக்குங்க"ன்னு வந்தா உங்களுக்கு வாட்ஸ்அப்பே வராது.

இந்த இடத்துல ஒரு வில்லங்கம் இருக்கு. எர்னோங்கறது எரரோட எண், ஆனா அந்த 13ங்கற நம்பர் நம்பிக்கைக்குரிய ஆள் இல்ல. விண்டோஸ் உள்ளுக்குள்ள 5ன்னா அனுமதி இல்ல, 32ன்னா வேற புரோகிராம் அந்த ஃபைலைப் பிடிச்சு வச்சிருக்குன்னு தனித்தனியா சொல்லுது, ஆனா சி ரன்டைம் வழியா வரப்போ ரெண்டும் 13ஆ மாறிடும். முடிஞ்ச இடத்துல வின்எரர் நம்பரை (விண்டோஸோட சொந்த எரர் எண்) பாருங்க, இல்லன்னா "எக்செல்ல திறந்திருக்கலாம்"னு கொஞ்சம் தயங்கியே எழுதுங்க, அடிச்சுச் சொல்லாதீங்க. லினக்ஸ்ல இந்த "வேற புரோகிராம் பிடிச்சு வச்சிருக்கு" எரர் பொதுவா வராது, ஏன்னா அங்க வேற புரோகிராம் திறந்து வச்சிருந்தாலும் ஃபைல் மேல எழுத விட்டுடும், எரர் இல்லாம ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் அழிச்சிடுவீங்க, அது இன்னும் மோசம். மேக்ல 2019ல வந்த கேட்டலினாவுல இருந்து டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் தொட யூசர் சரின்னு சொல்லணும், அவர் வேணாம்னு ஒரு தடவை அமுக்கிட்டா அப்புறம் வர்றது எர்னோ 1. அதுக்கு வைத்தியம் எக்செல்ல மூடுறது இல்ல, சிஸ்டம் செட்டிங்ஸ்ல ப்ரைவசி பக்கத்துல போய் அனுமதி குடுக்கணும். ஆக, ஒரே சேவ் பட்டன், மூணு ஓஎஸ், மூணு வேற வேற வாசகம். "காரணம்" "செய்ய வேண்டியது"ங்கற ரெண்டு வரியையும் ஓஎஸ் பாத்து மாத்துற மாதிரி எழுதி வைங்க.

இன்னொண்ணு, மெசேஜ்ல வாடிக்கையாளரோட ஐசி நம்பர் (அடையாள அட்டை எண்), ஃபோன் நம்பர் எதையும் போடாதீங்க. கவுண்டர் ஸ்கிரீனை எதிர்ல நிக்கிறவர் பாக்கலாம், அதை ஃபோட்டோ எடுத்து குரூப்புல போடுவாங்க. நம்ம ஊர்ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012லயே வந்துடுச்சு, ஐசி நம்பரை எப்போ வாங்கலாம், எப்போ வெளிய காட்டலாம்னு கட்டுப்பாடு 2019 செப்டம்பர் 1ல இருந்து இன்னும் இறுகிடுச்சு. "வாடிக்கையாளர் பதிவை சேவ் பண்ண முடியல"ன்னு சொன்னா போதும், யாருன்னு ஸ்கிரீன்ல ஏற்கனவே இருக்கு.

ஸ்டெப் 3: விண்டோஸ்

யூசர்32 டிஎல்எல்ல மெசேஜ்பாக்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அரதப் பழசு, ஆனா எங்க வேணா ஓடும். பைத்தான்ல சிடைப்ஸ் (டிஎல்எல் ஃபங்ஷனைக் கூப்பிட உதவுற மாட்யூல்) வழியா நேரா கூப்பிடலாம், டூல்கிட் எதுவும் வேணாம், அதனால "திறக்கவே முடியல" வகை எரருக்கு இதுதான் ஆள். நாலு விஷயம் குடுக்கணும்: ஓனர் ஜன்னல், வாசகம், தலைப்பு, வகை. வகையில ஹெக்ஸ் 10 போட்டா சிவப்பு வட்ட ஐகான் வரும்.

கவனிக்க வேண்டியது: பேருக்குக் கடைசில டபிள்யூ இருக்குற வெர்ஷனையே கூப்பிடுங்க, ஏ இருக்குறது வேணாம். தமிழுக்கு பழைய ஏஎன்எஸ்ஐ கோட் பேஜே கிடையாது, ஏ வெர்ஷன்ல தமிழ் அனுப்பினா பொதுவா கேள்விக்குறி கேள்விக்குறியாத்தான் வரும். விண்டோஸ் 10ல 1903க்கு அப்புறம் மேனிஃபெஸ்ட்ல (எக்ஸியோட வர்ற அமைப்புக் குறிப்பு) யுடிஎஃப்8 கேக்கலாம்தான், ஆனா அந்தச் சுத்து எதுக்கு.

அடுத்தது ஓனர். காலியா விட்டா பாக்ஸ் உங்க ஜன்னலுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கலாம், புரோகிராம் பதில் வராம நிக்கும், ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு பவரையே ஆஃப் பண்ணிடுவாங்க. ஜன்னல் இருந்தா அதோட ஹேண்டிலை (விண்டோஸ் அந்த ஜன்னலுக்கு வச்ச அடையாள எண்) கண்டிப்பா குடுங்க. ஜன்னலே இல்லாத ஸ்டார்ட்டப் எரர்னா முன்னுக்குக் கொண்டு வர்ற செட்ஃபோர்கிரவுண்ட் கொடியைச் சேத்துக்குங்க.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு வசதி, அந்த பாக்ஸ் மேல கன்ட்ரோல் சி அமுக்கினா தலைப்பு, வாசகம் எல்லாம் டெக்ஸ்ட்டா காப்பி ஆகும். ஃபோன்ல உதவி பண்றப்போ இதச் சொல்லிக் குடுங்க, உயிர் காக்கும்.

இன்னும் நல்லா வேணும்னா டாஸ்க்டயலாக், விஸ்டாவுல வந்தது. பெரிய எழுத்துல முக்கிய வரி, கீழ விளக்கம், "விவரம் காட்டு"ன்னு விரியுற பகுதி எல்லாம் இருக்கு, ஸ்டெப் 2ல சொன்ன மூணு வரிக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி. ஆனா காம்சிடிஎல்32ங்கற விண்டோஸ் டிஎல்எல்லோட 6ம் வெர்ஷன் வேணும்னு மேனிஃபெஸ்ட்ல சொல்லணும், சொல்லலன்னா புரோகிராம் திறக்கறப்போவே "ஆர்டினல் 345 கிடைக்கல"ன்னு விண்டோஸே ஒரு எரர் பாக்ஸ் போடும். எரர் காட்ட வந்த கோடே எரர்! சர்வீஸா பின்னாடி ஓடுற புரோகிராம்னா பாக்ஸ் போடவே போடாதீங்க, விஸ்டால இருந்து சர்வீஸ் எல்லாம் தனி செஷன்ல ஓடுது, அங்க போட்ட பாக்ஸ் யாருக்கும் தெரியாது, ஓகே அமுக்கவும் ஆள் இல்ல, சர்வீஸ் அப்படியே நின்னுடும்.

ஸ்டெப் 4: மேக்

இங்க என்எஸ்அலர்ட். தலைப்புங்கற சமாச்சாரமே இல்ல, தடிச்ச எழுத்துல மெசேஜ் டெக்ஸ்ட், கீழ சின்னதா இன்ஃபர்மேட்டிவ் டெக்ஸ்ட், அவ்வளவுதான். விண்டோஸ் பழக்கத்துல முக்கியமான விஷயத்தைத் தலைப்புல வைக்கிறவங்க இங்க மாட்டிக்குவாங்க, க்யூடியோ டிகேயோ எது வழியா போட்டாலும் மேக்ல தலைப்பு காணாமப் போயிடும். அதனால மூணு ஓஎஸ்லயும் தலைப்புல புரோகிராம் பேரு மட்டும் வைங்க, விஷயம் எல்லாம் உள்ள.

ஏற்கனவே ஜன்னல் திறந்திருந்தா ஷீட்டா போடுங்க, அந்த ஜன்னலோட ஒட்டியே வரும், எந்த ஃபைலோட எரர்னு சந்தேகமே வராது. முதல்ல சேக்குற பட்டன் தான் டிஃபால்ட், ரிட்டர்ன் கீ அதுக்குப் போகும், அதனால "அழிச்சிடு" மாதிரி பட்டனை முதல்ல சேக்காதீங்க. பட்டன் பேரைத் தமிழ்ல வைக்கிறதா இருந்தா எஸ்கேப் கீயை நீங்களே கையால செட் பண்ணிடுங்க. பட்டன் வரிசையும் ஓஎஸ்க்கு ஓஎஸ் மாறும், விண்டோஸ்ல ஓகே முன்னாடி கேன்சல் பின்னாடி, மேக்லயும் க்னோம்லயும் தலைகீழ். டூல்கிட் தானா பாத்துக்கும், நீங்களே சொந்தமா பாக்ஸ் வரைஞ்சாத்தான் தலைவலி, வரையாதீங்க.

டூல்கிட் இல்லாத நேரத்துக்கு ஓஎஸ்ஏஸ்கிரிப்ட் கமாண்ட் இருக்கு, டிஸ்ப்ளே அலர்ட்னு சொன்னா பாக்ஸ் வந்துடும். வாசகத்தை நேரா ஸ்கிரிப்ட் வரிக்குள்ள ஒட்டாதீங்க, ஃபைல் பேர்ல ஒரு மேற்கோள் குறி இருந்தா மொத்தமும் உடையும், கெட்ட எண்ணத்தோட வச்ச பேரா இருந்தா வேற கமாண்டே ஓடிடும். ஆர்க்யூமென்ட்டா அனுப்பி ஸ்கிரிப்ட்டுக்குள்ள வாங்கிக்கணும்.

ஸ்டெப் 5: லினக்ஸ்

இங்கதான் கொஞ்சம் மூச்சு வாங்கும். ஓஎஸ் குடுக்குற ஒரே பாக்ஸ்னு ஒண்ணு இல்லவே இல்ல, ஜிடிகே ஒரு பக்கம் க்யூடி ஒரு பக்கம். ஜிடிகே 4ல பழைய டயலாக் ரன் ஃபங்ஷனைத் தூக்கிட்டாங்க, 4.10ல இருந்து ஜிடிகே அலர்ட்டயலாக் தான் புது வழி, பதில் பின்னாடி கால்பேக்ல (வேலை முடிஞ்சதும் கூப்பிடப்படுற ஃபங்ஷன்) வரும், பழைய டுட்டோரியலைப் பாத்து எழுதினா கம்பைலே ஆகாது.

டூல்கிட் இல்லாத நேரத்துக்கு ஸெனிட்டி, கேடயலாக், எக்ஸ்மெசேஜ்னு கமாண்டுங்க இருக்கு, எது இருக்கும்னு உறுதியில்ல, அதனால வரிசையா தேடுங்க: டெஸ்க்டாப் கேடிஈன்னா கேடயலாக் முதல்ல, இல்லன்னா ஸெனிட்டி, அப்புறம் எக்ஸ்மெசேஜ், எதுவுமே இல்லன்னா எஸ்டிடிஎரர்ல எழுதிட்டு பூஜ்ஜியம் இல்லாத எக்ஸிட் கோடோட வெளிய வாங்க. எஸ்எஸ்ஹெச்ல உள்ள வந்து ஓட்டுறப்போ டிஸ்ப்ளேயும் வேலண்ட் டிஸ்ப்ளேயும் ரெண்டு என்விரான்மென்ட் வேரியபிளும் காலியா இருந்தா பாக்ஸ் ட்ரை பண்ணவே வேணாம்.

ஸெனிட்டி வாசகத்தை மார்க்கப்பா படிக்கும். கடை பேர்ல "அண்ட்" குறி இருந்தாலே, நம்ம ஊர்க் கடைப் பலகை பாதில அது இருக்கு, மெசேஜ் சரியா வராது. நோ மார்க்கப் ஆப்ஷனைக் கூடவே குடுத்துடுங்க. க்யூமெசேஜ்பாக்ஸும் ரிச் டெக்ஸ்ட் மாதிரி தெரிஞ்சா தானாவே அப்படி எடுத்துக்கும், டெக்ஸ்ட் ஃபார்மட்டை ப்ளெயின்னு செட் பண்ணுங்க. நோட்டிஃபை சென்ட் வச்சு மூலையில காட்டுறது சும்மா தகவலுக்கு ஓகே, "சேவ் ஆகல"ங்கறதுக்கு அது போதாது, சில நொடில மறைஞ்சிடும், டோன்ட் டிஸ்டர்ப்ல இருந்தா வரவே வராது.

ஸ்டெப் 6: மூணையும் சேத்துக் கட்டுறது

டூல்கிட் உயிரோட இருக்குறப்போ அதோட பாக்ஸ், இல்லன்னா மேல சொன்ன ஓஎஸ் பாக்ஸ், அதுவும் இல்லன்னா எஸ்டிடிஎரர். பிழைகாட்டு ஃபங்ஷன் உள்ளுக்குள்ள இந்த வரிசைதான். எஸ்டிஎல் (கேம் எழுதுறவங்க யூஸ் பண்ற லைப்ரரி) யூஸ் பண்றவங்களுக்கு லக்கு, அதோட சிம்பிள் மெசேஜ்பாக்ஸை இனிட் பண்றதுக்கு முன்னாடியே கூப்பிடலாம். எலக்ட்ரான்ல (வெப் கோட் வச்சு டெஸ்க்டாப் புரோகிராம் கட்டுறது) ஷோ எரர்பாக்ஸும் ரெடி ஆகுறதுக்கு முன்னாடி ஓடும், ஆனா லினக்ஸ்ல அந்த நேரத்துல ஜன்னல் வராது, எஸ்டிடிஎரருக்குத்தான் போகும். டிகேயில மெயின் ஜன்னல் இல்லாம ஷோ எரர் போட்டா காலியா ஒரு குட்டி ஜன்னலும் கூட வந்து நிக்கும், ரூட்டை, அதாவது அந்தக் குட்டி ஜன்னலை, வித்ட்ரா பண்ணிட்டுப் போடுங்க.

ஸ்டெப் 7: பிடிபடாத எரரும் த்ரெட்டும்

நீங்க ட்ரை எக்செப்ட் போட்ட எரர் எப்படியும் வந்துடும். போடாததுதான் பிரச்சனை, அதுக்கு ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கொக்கி மாட்டணும். பைத்தான்ல சிஸ் எக்செப்ட்ஹுக் மெயின் த்ரெட்டுக்கு மட்டும்தான், மத்த த்ரெட்டுக்கு 3.8ல வந்த த்ரெட்டிங் எக்செப்ட்ஹுக் தனியா. டிகேயில பட்டன் கால்பேக்ல வர்ற எரர் இது ரெண்டுக்குமே போகாது, ரிப்போர்ட் கால்பேக் எக்செப்ஷன்னு ஒரு மெத்தட் இருக்கு, அதை நீங்க மாத்தி எழுதலன்னா எஸ்டிடிஎரருக்குப் போய்ச் செத்துடும், பட்டன் அமுக்கினா ஒண்ணும் நடக்காத மாதிரி தெரியும். பைக்யூட்டில நேர் எதிர், 5.5ல இருந்து ஸ்லாட்டுக்குள்ள (சிக்னல் வந்தா ஓடுற ஃபங்ஷன்) பிடிபடாத எரர் வந்தா புரோகிராமையே அபார்ட் பண்ணிடும், எக்செப்ட்ஹுக் மாட்டியிருந்தா தப்பிக்கும். டாட்நெட் வின்ஃபார்ம்ஸ்னா த்ரெட் எக்செப்ஷன், டபிள்யூபிஎஃப்னா டிஸ்பேச்சர் அன்ஹேண்டில்ட், ஜாவானா டிஃபால்ட் அன்காட் ஹேண்ட்லர்.

பின்னணி த்ரெட்ல இருந்து நேரா பாக்ஸ் போடாதீங்க. விண்டோஸ்ல மெசேஜ்பாக்ஸ் எந்த த்ரெட்ல இருந்தும் வந்துடும், அதனால உங்க பிசில டெஸ்ட் பண்ணி ஓகேன்னு அனுப்பிடுவீங்க, மேக்ல அதே கோட் முதலாளி கண்ணு முன்னாடியே கிராஷ் ஆகும், அங்க ஜன்னல் வேலை எல்லாம் மெயின் த்ரெட்ல மட்டும்தான். க்யூடின்னா சிக்னல் அனுப்புங்க, டிகேன்னா ஒரு க்யூல போட்டுட்டு மெயின் ஜன்னல் ஆஃப்டர் வச்சு எடுத்துக்கட்டும், ஜாவானா இன்வோக் லேட்டர்.

இன்னும் ரெண்டு காவல் வேணும். நெட் போனா அஞ்சு நொடிக்கு ஒரு தடவை ட்ரை பண்ற கோட் இருந்தா அஞ்சு நொடிக்கு ஒரு பாக்ஸ் வரும், ஒண்ணு மூடினா இன்னொண்ணு, கவுண்டர்ல லைன் நிக்கும். ஒரே எரர் ஏற்கனவே திறந்திருந்தா புதுசா போடாதீங்க. பிழைகாட்டுக்குள்ளயே எரர் வந்தா அது மறுபடி பிழைகாட்டைக் கூப்பிடக் கூடாது, ஒரு கொடி வச்சு நிறுத்துங்க.

ஸ்டெப் 8: லாக்

பாக்ஸ் அவங்களுக்கு, ட்ரேஸ்பேக் (எந்த வரில எரர் வந்துச்சுங்கற விவரம்) உங்களுக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. லாக் எழுதுற இடம்: விண்டோஸ்ல லோக்கல் ஆப்டேட்டா, மேக்ல யூசரோட லைப்ரரிக்குள்ள லாக்ஸ், லினக்ஸ்ல எக்ஸ்டிஜி ஸ்டேட் ஹோம், அது செட் ஆகலன்னா ஹோமுக்குள்ள டாட் லோக்கல், அதுக்குள்ள ஸ்டேட். புரோகிராம் இருக்குற ஃபோல்டர்லயே எழுத நினைக்காதீங்க, ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல சாதா யூசருக்கு அனுமதி கிடையாது. பாக்ஸ் காட்டுறதுக்கு முன்னாடியே லாக்ல எழுதிடணும், பாக்ஸ் தொங்கி நின்னாலும் தடயம் இருக்கும்.

நிஜத்துல யாரும் லாக் ஃபைலை அனுப்ப மாட்டாங்க, ஃபோனை எடுத்து ஸ்கிரீனைக் கிளிக் பண்ணி அனுப்புவாங்க, அதுவும் ட்யூப்லைட் வெளிச்சம் அடிச்ச மாதிரி கோணலா. அதனால பாக்ஸோட கடைசி வரில நேரமும், லாக்ல தேடிப் பிடிக்க ஒரு சின்னக் குறியீடும் போடுங்க, எழுத்து நாலஞ்சு போதும், பூஜ்ஜியமா ஓவான்னு குழப்புற எழுத்தைத் தவிருங்க. "குறியீடு மட்டும் சொல்லுங்கக்கா"ன்னா வேலை முடிஞ்சுது.

ஸ்டெப் 9: தமிழ்ல காட்டுறது

விண்டோஸ் 8ல இருந்து நிர்மலா யூஐ இருக்கு, மேக்ல தமிழ் சங்கம் எம்என் இருக்கு, லினக்ஸ்ல மட்டும் குறைச்சலா இன்ஸ்டால் பண்ணின மெஷின்னா கட்டம் கட்டமா வரலாம், நோட்டோ சான்ஸ் தமிழோ லோஹித் தமிழோ கூடவே போட்டுடுங்க. ஃபைல் பேரை வாக்கியத்துக்கு நடுவுல சொருகாம தனி வரில வைங்க, வேற்றுமை உருபை ஒட்டுற வேலையே வராது, ஆங்கிலம், மலாய், சீனம்னு மத்த மொழிக்கும் அதே வாசகம் செட் ஆகும். அகலத்தை ஆங்கிலத்துக்கு அளந்து பூட்டிடாதீங்க, தமிழ் நீளும். ஓகே, கேன்சல் பட்டன் விண்டோஸ் மெசேஜ்பாக்ஸ்ல ஓஎஸ் மொழிலதான் வரும், அதை மாத்தணும்னா டாஸ்க்டயலாக்.

ஸ்டெப் 10: வேணும்னே உடைச்சுப் பாருங்க

எரர் வழியை யாரும் டெஸ்ட் பண்றதில்ல, அதனாலயே அது உடைஞ்சே கிடக்கும். விண்டோஸ்ல ஸ்டாக் ஃபைலை எக்செல்ல திறந்து வச்சுட்டு சேவ் அமுக்குங்க. ஃபோல்டரை ரீட் ஒன்லின்னு டிக் பண்ணினா ஒண்ணும் ஆகாது, விண்டோஸ்ல அது ஃபோல்டருக்குள்ள எழுதுறதத் தடுக்காது, செக்யூரிட்டி டேப்ல போய் எழுத மறுக்கணும். மேக்ல டாக்குமென்ட்ஸ் அனுமதி கேக்குறப்போ வேணாம்னு அமுக்குங்க. லினக்ஸ்ல டெவ் ஃபுல்னு ஒரு சாதன ஃபைல் இருக்கு, அதுல எது எழுதினாலும் டிஸ்க் நிறைஞ்சுடுச்சுன்னு 28ம் நம்பர் எரர் குடுக்கும், சேவ் பாதைய அங்க திருப்பிவிடுங்க. அந்த எரர் எழுதுறப்போ வராம ஃபைலை மூடுறப்போதான் வரும்னு அப்பத்தான் தெரியும், ஏன்னா பைத்தான் பஃபர்ல வச்சிருக்கு, அதனால "சேவ் ஆயிடுச்சு"ங்கற பச்சை டிக்கை மூடினதுக்கு அப்புறம்தான் காட்டணும்.

அப்புறம் கான்ஃபிக் ஃபைல் பேரை மாத்தி வச்சுட்டு மூணு மெஷின்லயும் ஐகானை டபுள் கிளிக் பண்ணிப் பாருங்க, டெர்மினல்ல இருந்து இல்ல. ரெண்டாவது மானிட்டரைக் கழட்டிட்டு ஒரு தடவை. திரையை வாசிச்சுக் காட்டுற புரோகிராம் வச்சும் பாருங்க: விண்டோஸ்ல என்விடிஏ இலவசம்தான், மேக்ல வாய்ஸ்ஓவர், க்னோம்ல ஆர்கா, ஆன் பண்ணி பாக்ஸ் வந்தவுடனே தானா வாசிக்குதான்னு கேளுங்க. ஓஎஸ் பாக்ஸ்னா வாசிக்கும், ஜன்னலுக்குள்ள நீங்களே வரைஞ்ச சிவப்பு வரி வாசிக்கலன்னா அதுக்குத் தனியா அறிவிப்பு சேக்கணும்.